எழுதியது எங்கே போனது? நினைவகத்தில் ஒரு சிட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பைத்தான் நிரல்மொழி வகுப்பு. வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு பேர், மூன்று லேப்டாப், கீழ்வீட்டிலிருந்து இழுத்து வந்த ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். போன வாரம் ஒரு தம்பி தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணா, எழுதினேன். படிச்சா ஒண்ணுமே வரல. எரரும் இல்ல. எழுதுனது எங்கண்ணா போச்சு?"

அவனுடைய அம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து நாலைந்து மெஸ்களுக்குக் கொடுக்கிறார். யாருக்கு எத்தனை கிலோ என்பது ஒரு நோட்டில் இருக்கும். அதைப் பார்த்து மெஸ் வாரியாகப் பில் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருந்தான். பில் காலியாக வந்தது. எரர் வந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பான், அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம். ஒன்றும் சொல்லாமல் காலியாக வருவதுதான் கொடுமை.

நிரலின் தலையில் இருக்கும் 'இம்போர்ட் ஐஓ' வரியை விட்டால், அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான். கட்டளைகளை உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஆனால் 'சிட்டை', 'பில்' போன்ற மாறிப் பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம். பைத்தான் 3 அதை மறுப்பதில்லை.

சிட்டை = ஐஓ.ஸ்ட்ரிங்ஐஓ()
பிரிண்ட்("வஞ்சிரம் 12 கிலோ", ஃபைல்=சிட்டை)
பிரிண்ட்("சங்கரா 8 கிலோ", ஃபைல்=சிட்டை)
பில் = சிட்டை.ரீட்()

பில்லில் ஒன்றுமில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் இந்த ஸ்ட்ரிங்ஐஓ என்ன சாமான் என்று பார்த்துவிடலாம்.

கணக்கு எழுதுகிற வீடுகளில் சிட்டை, பேரேடு என்று இரண்டு புத்தகம் உண்டு. அன்றன்று நடப்பதை நடக்கிற வேகத்தில் கிறுக்குவது சிட்டை. சாயங்காலம் உட்கார்ந்து பெயர் வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. ஏலம் போகிற நேரத்தில் யாரும் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். கூடை நகர்ந்துகொண்டே இருக்கும், தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். கையில் இருக்கிற அட்டையில் குறித்துக்கொண்டால் போதும்.

கணினியில் வட்டில் இருக்கிற கோப்புதான் பேரேடு. மின்சாரம் போனாலும் எழுதியது இருக்கும். ஆனால் திறக்க வேண்டும், பெயர் வைக்க வேண்டும், எழுத அனுமதி வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க மறந்தால் 'டெம்ப்1', 'டெம்ப்2', 'டெம்ப்_புதுசு' என்று குப்பை சேரும். தம்பியின் பழைய நிரல் அப்படித்தான் இருந்தது. ஒரு மெஸ்ஸுக்கு ஒரு தற்காலிகக் கோப்பு எழுதி, அதையே திரும்பத் திறந்து படித்து, வாட்ஸ்அப்பில் ஒட்டி, அப்புறம் அழிப்பது. அரை நிமிடம்கூட வாழாத ஒரு பில்லுக்கு வட்டில் எதற்கு இடம்?

ஸ்ட்ரிங்ஐஓ என்பது சிட்டை. நிரல் ஓடும்போது நினைவகத்தில் மட்டும் இருக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் கோப்பு மாதிரியே நடந்துகொள்ளும். எழுதலாம், படிக்கலாம், வரி வரியாகப் புரட்டலாம், மூடலாம். நிரல் முடிந்ததும் சுவடு இல்லாமல் போய்விடும். தம்பியின் லேப்டாப்பில் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகிறது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். சிட்டையில் எழுதியதும் அதோடு போகும். பத்திரமாக இருக்க வேண்டியதை பேரேட்டில் ஏற்றத்தான் வேண்டும்.

சரி, வெறும் சரத்தையே (எழுத்துகளின் தொடர், ஸ்ட்ரிங்) வைத்துக்கொண்டு கூட்டிக்கூட்டிப் போனால் ஆகாதா? சின்ன வேலைக்கு ஆகும். நாலு வரியை ஒரு பட்டியலில் சேர்த்து 'ஜாயின்' போட்டுவிட்டால் அதைவிட எளிது எதுவும் இல்லை, அந்த மாதிரி இடத்தில் ஸ்ட்ரிங்ஐஓவை இழுப்பது வெட்டிப் பகட்டு. ஸ்ட்ரிங்ஐஓ தேவைப்படுவது வேறு இடத்தில். சில கருவிகள் 'எனக்கு ஒரு கோப்பைக் கொடு, அதில்தான் எழுதுவேன்' என்று அடம்பிடிக்கும். காற்புள்ளியால் பிரித்த அட்டவணை வரிகளை (சிஎஸ்வி) எழுதித் தரும் பைத்தானின் சிஎஸ்வி ரைட்டர் அப்படிப்பட்டது. ரைட்டர் என்று கூப்பிட்டால் எழுதும் வசதி உள்ள ஒன்றைக் கேட்கும், சரத்தைக் கொடுத்தால் வாங்காது. பிரிண்ட்டும் அப்படித்தான். அதன் 'ஃபைல்' என்ற இடத்தில் எழுதத் தெரிந்த எதையும் வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் கோப்பு வேஷம் போட்ட ஒரு சரம் வேண்டும். அந்த வேஷம்தான் ஸ்ட்ரிங்ஐஓ.

படிக்கிற பக்கத்திலும் இது உண்டு. தம்பியின் அம்மா சில நாள் கணக்கை வாட்ஸ்அப்பிலேயே காற்புள்ளி போட்டு அனுப்பிவிடுவார். அந்தச் செய்தியைக் கோப்பாகச் சேமித்துத்தான் சிஎஸ்வி படிப்பானுக்குக் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஸ்ட்ரிங்ஐஓவுக்குள் போட்டுக் கொடுத்தால் கோப்பிலிருந்து வந்தது என்று நம்பி வரி வரியாகப் பிரித்துத் தரும். அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகம், ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) உரையை நேரடியாக ரீட்_ஜேசனுக்குக் கொடுத்தால் 2.1 பதிப்பில் எச்சரிக்கை விட ஆரம்பித்தது. ஸ்ட்ரிங்ஐஓவில் பொதிந்து கொடு என்றது. இது ஏதோ ஓரத்துச் சங்கதி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்ட்ரீம், பஃபர் என்ற இரண்டு சொல்லையும் இங்கே சேர்த்துப் போட்டுக் குழப்புவார்கள். பஃபர் என்றால் எங்கள் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டி. தண்ணீர் லாரி தன் நேரத்துக்கு வந்து ஊற்றிவிட்டுப் போகும், நாம் நம் நேரத்துக்குக் குடத்தோடு போவோம், நடுவில் தொட்டி தாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரீம் என்றால் அந்தத் தொட்டிக்கு வைத்த குழாய், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும் வழி. நினைவகத்தில் ஒரு பஃபர், அதற்கு ஒரு ஸ்ட்ரீம் வழி, இரண்டும் சேர்ந்ததுதான் ஸ்ட்ரிங்ஐஓ. ஆனால் தொட்டி உவமையை இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தொட்டியில் பிடித்தால் தண்ணீர் குறையும், ஸ்ட்ரிங்ஐஓவில் படித்தால் எதுவும் குறையாது. எத்தனை தடவை படித்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

குறையாது என்றால் தம்பிக்கு ஏன் காலியாக வந்தது?

பழைய கணக்கப்பிள்ளைகள் கணக்கு வாசிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு விரல் தாளிலேயே இருக்கும். வாசிக்க வாசிக்க விரல் நகரும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் விரலை எடுக்காமல் பேசிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். ஸ்ட்ரிங்ஐஓவுக்கும் இப்படி ஒரு விரல் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒன்று, விரல் எங்கே இருக்கிறது என்பது வேறொன்று. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதிச் சிக்கல்கள் எல்லாம் கிட்டத்தட்ட அவிழ்ந்துவிடும்.

புதுச் சிட்டை காலி, விரல் 0இல். 'வஞ்சிரம் 12 கிலோ' எழுதினோம். எழுத எழுத விரல் நகர்ந்து அந்த வரியின் முடிவுக்கு வந்தது. 'சங்கரா 8 கிலோ' எழுதினோம், விரல் இன்னும் தள்ளிப்போனது. இப்போது சிட்டை.டெல்() என்று கேட்டால் 31 என்று சொல்லும். முதல் வரி, வரிமுறிவோடு சேர்த்து 17. இரண்டாவது 14. இந்த நிலையில் ரீட் என்றால் 'விரல் இருக்கிற இடத்திலிருந்து கடைசி வரை படி' என்று அர்த்தம். விரல் ஏற்கெனவே கடைசியில் நிற்கிறது. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. அதனால் காலிச் சரம் வந்தது. ரீட் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, நாம்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டோம்.

இதற்கு வழி இரண்டு. விரலை முதலுக்குக் கொண்டுபோய் அப்புறம் படிக்கலாம்: சிட்டை.சீக்(0), பிறகு சிட்டை.ரீட்(). இரண்டு வரியும் வரும். வந்தபின் விரல் மறுபடி 31இல் நிற்கும், இன்னொரு ரீட் போட்டால் மறுபடி காலி. அல்லது விரலைப் பற்றிக் கவலையே படாமல் சிட்டை.கெட்வேல்யூ() என்று கேட்கலாம். அது தாளை அப்படியே பிரதி எடுத்து நீட்டிவிடும். விரல் எங்கே இருந்தாலும் முழுவதும் வரும், விரலும் நகராது.

எழுதி முடித்து மொத்தமாக வேண்டும் என்றால் கெட்வேல்யூதான் என் வழக்கம். சீக்(0) போட வேண்டிய இடம் வேறு: சிட்டையை இன்னொரு கருவியிடம் படிக்கக் கொடுக்கும்போது. சிஎஸ்வி படிப்பானோ பாண்டாஸோ கெட்வேல்யூவைக் கூப்பிடப் போவதில்லை. அவை விரல் இருக்கிற இடத்திலிருந்துதான் படிக்கும். கொடுப்பதற்கு முன் விரலை மேலே கொண்டுபோவது நம் பொறுப்பு.

தம்பி ரீட்டை கெட்வேல்யூ என்று மாற்றினான், பில் வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவனுக்குப் பில்லின் தலையில் 'காசிமேடு' என்று ஊர்ப் பெயர் வர வேண்டுமாம். ஸ்ட்ரிங்ஐஓவை உண்டாக்கும்போதே உள்ளே ஒரு சரத்தைக் கொடுத்துத் தொடங்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறான். ஸ்ட்ரிங்ஐஓ("காசிமேடு") என்று தொடங்கி, தொடர்ந்து எழுத ஆரம்பித்தான். தலைப்பு சிதைந்துபோனது.

தொடக்க உரை கொடுத்தால் விரல் அந்த உரையின் முடிவில் நிற்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நிற்காது. 0இல்தான் நிற்கும். எழுதினால் மேலேயே எழுதும். செருகவும் செய்யாது, இருப்பதைத் தள்ளிவிடவும் செய்யாது. பழைய எழுத்தின் மேல் புது எழுத்து ஏறிக்கொள்ளும். ஏலத்து அட்டையில் அழிக்காமல் மேலேயே கிறுக்கின மாதிரி.

இதை ஆங்கில உதாரணத்தில் பார்த்தால் சாதாரணமாக இருக்கும். தமிழில் பார்த்தால் கூத்து. 'காசிமேடு' என்று வைத்துக்கொண்டு 'ர' என்ற ஒரே ஓர் எழுத்தை எழுதிப் பாருங்கள். கெட்வேல்யூ 'ராசிமேடு' என்று தரும். நாம் எழுதியது 'ர', வந்தது 'ரா'. துணைக்கால் எங்கிருந்து வந்தது? பழைய 'கா'வின் கால் அது. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'கா' என்பது ஓர் எழுத்து இல்லை. 'க' ஒரு குறி, துணைக்கால் இன்னொரு குறி. நம் கண்ணுக்கு 'காசிமேடு' நாலு எழுத்து, பைத்தானுக்கு எட்டுக் குறி. விரல் குறி குறியாக நகர்கிறது, எழுத்து எழுத்தாக இல்லை. 'ர' போய் 'க'வின் இடத்தில் உட்கார்ந்தது, கால் அங்கேயே நின்றது.

அடுத்து அதே 'காசிமேடு'வின் மேல் 'வலை' என்று எழுதிப் பாருங்கள். வ, ல, ஐகாரக் குறி என்று மூன்று குறி. அவை க, துணைக்கால், ச என்ற மூன்றையும் அழித்துவிட்டு உட்காரும். மிச்சம் இருப்பது 'சி'யின் மேல் விலங்கும் 'மேடு'வும். ஆக, வலைக்குப் பின்னால் ஆளில்லாத ஒரு மேல் விலங்கு தொங்கும். பல திரைகளில் அது புள்ளி வட்டத்தோடு தெரியும். எழுத்துரு கோளாறு என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

ரீட்டுக்கு எண் கொடுக்கும்போதும் இதே கதை. 'காசிமேடு'வில் ரீட்(1) என்றால் 'கா' வராது, 'க' வரும். அடுத்த ரீட்(1) துணைக்காலை மட்டும் தனியாகக் கையில் கொடுக்கும். தமிழ் உரையை இத்தனை குறி என்று துண்டு போட்டுப் படிக்காதீர்கள். ரீட்லைன் போட்டு வரி வரியாகப் படிப்பது பாதுகாப்பு.

முடிவிலிருந்து தொடர வேண்டும் என்றால் தொடங்கிய உடனே சிட்டை.சீக்(0, 2). இரண்டாவது எண்ணான 2, 'கடைசியிலிருந்து எண்ணு' என்பதற்கான குறிப்பு. 'கடைசியிலிருந்து மூன்று பின்னால்', 'இங்கிருந்து ஐந்து முன்னால்' என்றெல்லாம் ஸ்ட்ரிங்ஐஓவிடம் கேட்டால் முடியாது என்று எரர் போடும். கடைசிக்கே போ என்றால் மட்டும் போகும். தம்பிக்கு நான் சொன்ன வழி இன்னும் எளிது: தொடக்க உரை கொடுக்காதே, காலிச் சிட்டையைத் திறந்து ஊர்ப் பெயரை முதல் வரியாக நீயே எழுது.

அடுத்த பொறி என் சொந்த அனுபவம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன கம்பெனிக்கு இதே மாதிரி ரசீது நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் புதுச் சிட்டை எதற்கு, ஒன்றையே அழித்து அழித்து எழுதலாம் என்று சிக்கனம் பார்த்தேன். அழிக்க ட்ரங்கேட்(0) போட்டேன். முதல் ரசீது சுத்தமாக வந்தது. இரண்டாவது ரசீது திரையில் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் முதல் சொல் இதுதானா என்று நிரல் ஒப்பிட்டால் இல்லை என்றது. அரை நாள் போயிற்று. கடைசியில் நீளத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் வெளிச்சம் வந்தது.

நடந்தது இதுதான். ட்ரங்கேட் தாளை அழிக்கும், விரலைத் தொடாது. தம்பியின் கணக்கிலேயே சொல்கிறேன்: இரண்டு வரி எழுதியபின் விரல் 31இல். ட்ரங்கேட்(0) போட்டால் தாள் காலி, விரல் இன்னும் 31இல் அந்தரத்தில் நிற்கிறது. இப்போது 'கடம்பா 5' என்று ரைட் போட்டால் அது 31ஆவது இடத்தில்தான் எழுதும். முன்னால் இருக்கிற 31 இடத்தையும் பூஜ்யக் குறிகளால் (நல், '0' என்ற இலக்கம் இல்லை) நிரப்பிவிடும். அவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. 'கடம்பா 5' எட்டுக் குறிதான், ஆனால் சரத்தின் நீளம் 39.

முதலில் சீக்(0), பிறகு ட்ரங்கேட்() என்று வரிசையாகப் போட்டால் சிக்கல் இல்லை. ஆனால் நான் இப்போது அதுவும் செய்வதில்லை. ஆளுக்கு ஒரு புது ஸ்ட்ரிங்ஐஓ திறந்துவிடுகிறேன். புதுச் சிட்டைக்கு ஆகிற செலவு அற்பம். மிச்சம் பிடிக்கப் போய் அரை நாளை இழந்த ஆள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடுவது பற்றியும் ஒன்று. வட்டுக் கோப்பை மூடினால் உள்ளே இருப்பது பத்திரமாகும். சிட்டையை மூடினால் உள்ளே இருப்பது போய்விடும். க்ளோஸ் போட்டபின் கெட்வேல்யூ கேட்டால், மூடிய கோப்பில் வேலை செய்யப் பார்க்கிறாய் என்று வேல்யூஎரர் வரும். கோப்புகளை 'வித்' போட்டுத் திறக்க வேண்டும் என்று நல்ல பழக்கம் கற்றவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வித் கட்டம் முடிந்ததும் அது தானாக மூடிவிடும். வித் போட்டால் கெட்வேல்யூவைக் கட்டத்துக்கு உள்ளேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பழைய பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. பைத்தான் 2இல் ஸ்ட்ரிங்ஐஓ என்றும், வேகமான சிஸ்ட்ரிங்ஐஓ என்றும் தனித்தனி மாட்யூல்கள் (இம்போர்ட் செய்துகொள்ளும் நிரல் தொகுப்புகள்) இருந்தன. 2008இல் பைத்தான் 3 வந்தபோது இரண்டும் போய், ஐஓ என்ற மாட்யூலுக்குள் ஒன்றாகிவிட்டது. பழைய மாதிரி இம்போர்ட் செய்தால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று சொல்லும். பைத்தான் 2இன் ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆனால் அதில் எழுதிய பாடங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஐஓவுக்குள் ஸ்ட்ரிங்ஐஓவுக்கு ஒரு தம்பி உண்டு, பைட்ஸ்ஐஓ. ஸ்ட்ரிங்ஐஓ உரையை மட்டும் வாங்கும், பைட்ஸ்ஐஓ பைட்டுகளை மட்டும் வாங்கும். ஒன்றுக்கு உரியதை இன்னொன்றிடம் கொடுத்தால் டைப்எரர் போட்டுத் திருப்பி அனுப்பிவிடும். படம், ஜிப், எக்செல் கோப்பு என்று எழுத்தாக இல்லாதவை எல்லாம் பைட்ஸ்ஐஓவின் பாடு. உரையைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். அதனால் எட்டுக் குறி உள்ள 'காசிமேடு' பைட்ஸ்ஐஓவுக்குள் 24 இடம் பிடிக்கும். அங்கே ரீட்(4) போட்டால் 'க' முழுசாகவும், துணைக்காலில் மூன்றில் ஒரு பங்கும் வரும். அதை உரையாக மாற்றப் போனால் யூனிகோட்டீகோட்எரர்தான்.

பைட்ஸ்ஐஓவில் ஒரு கூடுதல் வசதி. கெட்வேல்யூ பிரதி எடுத்துத் தரும் என்றேன் இல்லையா, உள்ளே 50 எம்பி படம் இருந்தால் பிரதிக்கும் 50 எம்பி போகலாம். கெட்பஃபர் என்று கேட்டால் பிரதி எடுக்காமல் உள்ளே இருப்பதையே பார்க்க ஒரு ஜன்னல் கொடுக்கும். அந்த ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து மாற்றினால் உள்ளேயும் மாறும். ஜன்னல் திறந்திருக்கும்வரை பஃபரின் அளவை மாற்ற விடாது, பஃபர்எரர் போடும். ஸ்ட்ரிங்ஐஓவுக்கு இந்த வசதி கிடையாது. தொடக்கத்தில் இது தேவையும் படாது.

தேவைப்படப் போவது இது: சிஎஸ்வி பில்லை அப்படியே யூடிஎஃப்-8இல் சேமித்து எக்செல்லில் திறந்தால் வஞ்சிரமும் சங்கராவும் கொக்கி கொக்கியாக உடைந்து தெரியும். கெட்வேல்யூவை 'யூடிஎஃப்-8-சிக்' என்ற முறையில் என்கோட் செய்து கொடுங்கள். முன்னால் ஒரு சின்ன அடையாளம் சேரும், எக்செல் அதைப் பார்த்துத் தமிழைச் சரியாகப் படித்துக்கொள்ளும். பைட்டாகக் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சிஎஸ்வி ரைட்டர் தன் வரிமுறிவை இரண்டு குறிகளாகத்தான் போடும். அதை விண்டோஸில் சாதாரண உரைக் கோப்பாக எழுதினால் வரிக்கு வரி ஒரு வெற்று வரி முளைக்கும். பைட்டாக எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு ஸ்ட்ரிங்ஐஓவில் மிகவும் பிடித்த வேலை வேறொன்று. மாடியில் ஆறு பேரும் வீட்டுப்பாடம் கொண்டுவருவார்கள். எல்லாம் பிரிண்ட் போட்டுத் திரையில் காட்டுகிற நிரல்கள். ஒவ்வொன்றாக ஓட்டிக் கண்ணால் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கான்டெக்ஸ்ட்லிப் மாட்யூலில் இருக்கிற ரீடைரக்ட்_எஸ்டிடிஅவுட்டைப் பயன்படுத்துகிறேன். அது 3.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்கு ஒரு சிட்டையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளின் நிரலை ஓட்டினால், திரைக்குப் போக வேண்டிய பிரிண்ட் எல்லாம் சிட்டைக்குள் வந்து விழும். கெட்வேல்யூ எடுத்து, வர வேண்டிய விடையோடு ஒப்பிட்டால் முடிந்தது. அவர்கள் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இந்தச் சங்கதி பைத்தானோடு நிற்பதில்லை. சி++ படிக்கிறவர்களுக்கு ஸ்ட்ரிங்ஸ்ட்ரீம். அங்கே உள்ளே இருப்பதைக் கேட்க எஸ்டிஆர். அங்கேயும் தொடக்க உரை கொடுத்தால் மேலேயே எழுதும் பொறி அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு பெயர்க் குழப்பம்: க்ளியர் என்று கூப்பிட்டால் உள்ளடக்கம் அழியாது, பிழைக் கொடிகள்தான் இறங்கும். காலி செய்ய எஸ்டிஆருக்குள் காலிச் சரத்தைக் கொடுக்க வேண்டும். எஸ்டிஆரும் பிரதிதான் தரும். பிரதி வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்களுக்கு சி++20இல் வியூ வந்தது. ஜாவாவில் ஸ்ட்ரிங்ரைட்டர். அதை மூடினாலும் உள்ளே இருப்பது போகாது. கோ மொழியின் பைட்ஸ்.பஃபர் மட்டும் நிஜமான சின்டெக்ஸ் தொட்டி. படிக்கப் படிக்கக் குறையும். ஸ்ட்ரிங் என்று கேட்டால் இன்னும் படிக்காத மிச்சத்தைத்தான் தரும். பைத்தான் பழக்கத்தோடு அங்கே போனால் இடறிவிழ வேண்டியதுதான்.

சிட்டையில் எவ்வளவு எழுதலாம் என்று ஒரு பெண் கேட்டாள். நினைவகம் இருக்கிறவரை. ஆனால் வழக்கமான பைத்தானில், எழுதிக்கொண்டு மட்டும் இல்லாமல் நடுவில் சீக், ரீட் என்று விரலை அலையவிட்டால் ஸ்ட்ரிங்ஐஓ உள்ளுக்குள் ஒரு குறிக்கு நாலு பைட் ஒதுக்கிக்கொள்ளும். பில்லுக்கும் ரசீதுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. சில ஜிபி உள்ள பதிவுக் கோப்பை முழுசாகச் சிட்டைக்குள் கொட்டினால் லேப்டாப் திணறும். அதற்கெல்லாம் பேரேடுதான், வட்டிலிருந்து வரி வரியாகப் படிக்க வேண்டும்.

வகுப்பு முடிகிறபோது தம்பி நிரலைத் திருத்திவிட்டான். மெஸ்ஸுக்கு ஒரு புதுச் சிட்டை, முதல் வரியில் காசிமேடு, அப்புறம் மீன் வரிகள், கடைசியில் கெட்வேல்யூ. தற்காலிகக் கோப்பு எழுதி அழிக்கிற பதினோரு வரியும் போயின. அன்றைய பில்லை அம்மாவுக்கு அனுப்பிப் பார்த்தான். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. பில் சரியாக இருக்கிறதாம், ஆனால் சங்கராவில் இரண்டு கிலோ அந்த மெஸ்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம், எட்டை ஆறாக மாற்றச் சொன்னார்.

"சீக் போட்டு எட்டு மேலயே ஆறு எழுதிடலாமாண்ணா?"

எட்டும் ஆறும் ஒற்றைக் குறிதான், இடமும் தெரியும். போடலாம். போட்டான், வந்தது.